தூங்காத கரடிக்கு ஒரு துப்பாக்கி

அத்தியாயம் ஒன்பது

ராய்ஸ் ஹால்டேன் அழுதால் பார்க்கிறவர்களும் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த மனிதர், எங்கள் அலுவலகத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது வாசல் நிலையில் 'டொம்' என்று நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த வலியைக்கூடக் கவனிக்காமல், "என் பொண்டாட்டியையும் குழந்தையையும் கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று நாற்காலியில் சரிந்தார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவர் நெற்றியில் வைத்தவன் நான்தான். அவர் உட்கார்ந்திருந்ததால் எனக்கு எட்டியது.

என் பெயர் வெண்டல் பைக். உயரத்தைக் கேட்காதீர்கள். துப்பறியும் லோர்னா டீக்கிடம் உதவியாளனாக இருக்கிறேன். பாஸ் முன்பு வனக்காவலராக இருந்தவர். மான் திருடர்களின் பொய்களைக் கேட்டுக் கேட்டு, யார் வாயைத் திறந்தாலும் அவர் ஒரு புருவத்தைத் தூக்கிவிடுவார். ராய்ஸ் விஷயத்தில் மட்டும் அந்தப் புருவம் எழவில்லை. அவ்வளவு நல்ல அழுகை அது.

ராய்ஸ் சொன்னது இதுதான். மனைவி ஜெனெல், இரண்டு வயது போசியைத் தூக்கிக்கொண்டு, பண்ணையில் வேலை பார்த்த கர்ட்டிஸ் என்பவனோடு போய்விட்டாள். கர்ட்டிஸ் குடிகாரன், மகா முரடன்.

"குழந்தைய ஏதாவது பண்ணிடுவான் மேடம். நேரமாக ஆக எனக்கு உயிரே போகுது."

"ஆள் எப்படி இருப்பான்?" என்று பாஸ் கேட்டார்.

"குட்டை. அதோ, அவர் உயரம்தான்" என்று என்னைக் காட்டினார் ராய்ஸ்.

மான்டானா மாநிலத்தில் கெட்டவனை அடையாளம் சொல்ல இவருக்கு வேறு அளவுகோலே கிடைக்கவில்லையா என்று எனக்குக் கோபம். ஆனாலும் குழந்தையின் போட்டோவைப் பார்த்ததும் அது போய்விட்டது. முன்பல் இரண்டையும் காட்டிக்கொண்டு, ஒரு கால் செருப்போடு நிற்கிறது.

தேடி அலைந்து கடைசியில் கெட்டில்ஃபோர்க் ஊரில் ஒரு நூல் கிடைத்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், மெர்ல் ஆஸ்ட்பியின் துப்பாக்கிக் கடைக்குள் போனதைப் பெட்ரோல் பங்க்காரர் பார்த்திருக்கிறார்.

"துப்பாக்கியா?" ராய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ பொறந்ததிலேர்ந்து துப்பாக்கியத் தொட்டதே இல்லையே! அந்தப் பாவிதான் மிரட்டி வாங்க வெச்சிருப்பான்."

தன் வண்டியில் எங்கள் பின்னாலேயே வந்திருந்த அவரை எதிர்வரிசை உணவுக்கடையில் ஒரு கிண்ணம் மான்கறிச் சூப்போடு உட்கார வைத்தோம். அழுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரர் பயந்துவிடுவார் என்று பாஸ் சொல்லிவிட்டார். எங்கள் வண்டியை எஞ்சின் ஓடுகிறபடியே விட்டுவிட்டு இறங்கினோம். பிப்ரவரியில் இந்த ஊரில் யாரும் வண்டியை அணைப்பதில்லை, அணைத்தால் மறுபடி உயிர் வராது. தெரு நெடுக ஆளில்லாத வண்டிகள் சாவியோடு உறுமிக்கொண்டு நின்றன.

ஆஸ்ட்பிக்கு மார்பு வரை தாடி. கடையில் மண்டையிடிக்கும் எண்ணெய் வாசனை.

"வாங்க, என்ன பாக்குறீங்க?"

"கைத்துப்பாக்கி. பெரிய காலிபரா, தடிச்ச தோட்டா போறதா வேணும்" என்றார் பாஸ், நிஜமாகவே வாங்க வந்தவர் மாதிரி. "ஞாயித்துக்கிழமையில அட்டை வெச்சுக் குறி பாக்கணும். மத்த நாள்ல வீட்டுக்குக் காவல்."

"ஒரே துப்பாக்கிக்கு ரெண்டு வேலையா? மாப்பிள்ளைக்குச் சமையலும் தெரியணும், சண்டையும் போடணும்னு கேக்குற மாதிரி இருக்கு."

"எனக்கு அதுல ஒண்ணுகூடத் தெரியாதவன்தான் வாய்ச்சான். துப்பாக்கியாவது ஒழுங்கா அமையட்டும்."

ஆஸ்ட்பி சிரித்தபடி கம்பளித் துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்தார்.

"இது லேசு. கைப்பையில போட்டுக்கலாம். ஆனா பெரிய தோட்டாவ லேசான துப்பாக்கியில சுட்டா கழுத மாதிரி உதைக்கும். ஒரு தடவ சுட்டவங்க ரெண்டாவது தடவ கண்ண மூடிக்கிட்டுதான் சுடுவாங்க. இது நிறைய தோட்டா பிடிக்கும். ஆனா பிடி தடிமன், மேல் மூடிய பின்னாடி இழுத்து விடணும், ரெண்டு கையும் வேணும். மூணாவது இருக்கே, இது ஃபார்ட்டி ஃபோர் ரிவால்வர். தூக்கிப் பாருங்க, அம்மிக் கனம். அந்தக் கனம்தான் உதைய வாங்கிக்கும். இதுல நீளத் தோட்டாவும் போகும், குட்டைத் தோட்டாவும் போகும். குட்டை சாது. பழகுறதுக்கு அதான் நல்லது. வீட்டுக்குள்ளயும் அதான் கொஞ்சம் தேவலாம், செவுத்துக்கு அந்தப் பக்கம் தூங்குறவங்கள நெனச்சுப் பாக்கணும்ல."

"குட்டை நல்லதுன்னு சொல்ல இந்த ஊர்ல நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே" என்றேன். "நல்லா இருங்க."

அவர் ரிவால்வரின் உருளையைத் திறந்து, காலி என்று கண்ணால் பார்த்து, பாஸிடம் நீட்டினார். பாஸ் வாங்கியதும் மறுபடி திறந்து தானும் பார்த்தார். இங்கே அது மரியாதை. கொடுக்கிறவர் உங்கள் கண்ணெதிரே பார்த்திருந்தாலும், வாங்குகிறவர் திறந்து பார்க்காவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள்.

ஆஸ்ட்பிக்கு அது பிடித்துவிட்டது. "போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு, இதே மாதிரி ஒரே துப்பாக்கி ரெண்டு வேலைக்குன்னு. அதுவும் இப்படித்தான், வாங்குன கையோட திறந்து பாத்துச்சு. குழந்தைய எறக்கிக்கூட விடல, ஒத்தக் கையாலயே திறந்துச்சு. சின்ன வயசிலேர்ந்து பழகுன கை."

பாஸின் இடது புருவம் எழுந்தது. இந்த வழக்கில் முதல் தடவையாக.

"பொறந்ததிலேர்ந்து தொட்டதே இல்லைன்னாரே?" என்று நான் முணுமுணுத்தேன்.

பாஸ் தன் அடையாள அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். காணாமல் போன பெண், கதறுகிற தகப்பன், கூட்டிக்கொண்டு போன கர்ட்டிஸ். கேட்கக் கேட்க ஆஸ்ட்பியின் முகம் வெளுத்தது.

"அடக் கடவுளே. ஆனா அதுகூட ஆம்பள யாரும் வரலையே. தனியாத்தான் வந்துச்சு, தனியாத்தான் போச்சு."

"துப்பாக்கி எதுக்குன்னு சொன்னாளா?"

"கரடிக்குன்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். பிப்ரவரியில ஏதும்மா கரடி, எல்லாம் குகையில தூங்குது, பனி உருகுற வரைக்கும் நிம்மதியா இருன்னு சொன்னேன்." அவர் தாடியைத் தடவினார். "'என் கரடி தூங்குறதில்ல'ன்னுச்சு. ஜோக்குன்னு நெனச்சேன். ஆனா அது சிரிக்கல."

நானும் அந்த நேரத்தில் சிரிக்கவில்லை. பாஸ் சுடுமிடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

கடைக்குப் பின்னால் நீளமான ஒரு தகரக் கொட்டகை. போகிற வழியில் ஆஸ்ட்பி பேசிக்கொண்டே வந்தார்.

"மூணையும் சுட்டுப் பாத்துட்டு ஃபார்ட்டி ஃபோர எடுத்துச்சு. குட்டைத் தோட்டாதான் வேணும்னுச்சு. எல்லாரும் ரெண்டு கையால பிடிப்பாங்க, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. குழந்தைய என் சம்சாரம் வீட்டுக்குள்ள வெச்சிருந்தா. அதுக்குப் பதிலா ஈயக்குண்டு மூட்ட ஒண்ணக் கேட்டு வாங்கி, இடுப்புல அணைச்சுக்கிட்டு, ஒத்தக் கையாலயே பழகுச்சு. பைத்தியமோன்னு நெனச்சேன்."

"பைத்தியமில்ல, அந்த மூட்டைதான் போசி" என்றார் பாஸ் மெல்ல. "ஆபத்து எந்த நேரம் வந்தாலும் குழந்தை இடுப்புலதான் இருக்கும்னு அவளுக்குத் தெரியும்."

கொட்டகையின் கோடியில் ஒரு மரச்சட்டம் நின்றது. அவளுக்குப் பிறகு இங்கே யாரும் சுட வரவில்லையாம், அவள் சுட்ட காகிதம் இன்னும் அதில் தொங்கியது. சாதாரணமாக நெஞ்சு உயரத்தில் மாட்டுவார்கள். இது எங்கேயோ வானத்தில் தொங்கியது.

"மேல, இன்னும் மேலன்னு ஏணி போட வெச்சுச்சு" என்றார் ஆஸ்ட்பி.

பாஸ் கழற்றச் சொன்னார். நான் எம்பினேன், எட்டவில்லை. குதித்தேன், தொப்பிதான் விழுந்தது. ஒரு தோட்டாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினேன். அப்போதும் நடுவில் கொத்தாக விழுந்திருந்த ஓட்டைகளை என் விரல்நுனிதான் தொட்டது.

"பாஸ், இந்தம்மா கரடியச் சுடல, கூடைப்பந்து ஆடுறவன யாரையோ சுட்டிருக்கு!"

நல்ல ஜோக். பாஸ் சிரிக்கவில்லை. என் தலையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெண்டல், கீழ எறங்கு."

இறங்கினேன்.

"சட்டத்துக்கிட்ட நேரா நில்லு."

நின்றேன்.

"கர்ட்டிஸ் உன் உயரம்னுதானே ராய்ஸ் சொன்னார்?"

"ஆமா. அத எதுக்கு இப்ப திரும்பத் திரும்ப..."

"கர்ட்டிஸ் வந்தா இந்தக் குண்டு ஒண்ணுகூட அவன் மேல படாது. எல்லாம் தொப்பிக்கு மேலயே போயிடும். அப்ப அவ யார நெனச்சுப் பழகினா?"

அந்த நேரம் பார்த்துக் கடையின் முன்வாசல் மணி கிணுகிணுத்தது. "ஆள் வந்திருக்கு" என்று ஆஸ்ட்பி முன்பக்கம் ஓடினார். மணியைத் தொடர்ந்து இன்னொரு சத்தம், நாங்கள் ஏற்கனவே கேட்ட சத்தம்.

டொம்.

நெற்றி நிலையில் இடிக்கிற சத்தம்.

நானும் பாஸும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஓடினோம்.

ராய்ஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர். ஆஸ்ட்பி அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இளகிய மனசு, வேறென்ன செய்வார்.

"நீங்கதான் அந்தக் குழந்தையோட அப்பாவா? அழாதீங்க சார், ரெண்டு பேரும் பத்திரமா..."

பாஸ் மேசை மேலிருந்த தோட்டாப் பெட்டியைத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் பித்தளைத் தோட்டாக்கள் சிதறிச் சத்தமிட்டன. அந்தச் சத்தத்தையும் மீறி ஆஸ்ட்பி சொல்லி முடித்தார்.

"...பழைய மரமில்லுக்கு மேல என் கேபின்லதான் இருக்காங்க. நான்தான் தங்கச் சொன்னேன். இவங்ககிட்டக்கூடச் சொல்லல, ஆனா அப்பன்கிட்ட மறைக்க மனசு வரல."

"கர்ட்டிஸ்?" என்று ராய்ஸ் கேட்டார்.

"அப்படி யாருமில்ல சார். தனியாத்தான் இருக்கு."

"தனியாவா?"

குழாயை மூடினாற்போல் கண்ணீர் நின்றது. ராய்ஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் எல்லாமே எழுதியிருந்திருக்க வேண்டும். எனக்குப் பொய் வாயால்தான் வரும், முகத்தால் வராது.

"ராய்ஸ், மலைமேல பனி மோசம்" என்றார் பாஸ், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "ஷெரிஃப் வரட்டும். எல்லாரும் சேந்து போவோம்."

"புருஷன் பொண்டாட்டி விஷயத்துக்கு ஷெரிஃப் எதுக்கு மேடம்?" கோட்டின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினார். இடுப்பில் ஒரு பிஸ்டல். "நல்லா வேல பாத்தீங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

இந்தத் தடவை கவனமாகக் குனிந்து வெளியே போனார். இத்தனை நேரம் 'அவர்' என்று எழுதிவந்தேன். இதற்கு மேல் என் கை வரவில்லை. அவன் போனான்.

பாய்ந்து தெருவுக்கு வந்தோம். எங்கள் வண்டி நின்ற இடத்தில் சத்தமே இல்லை. போகிற போக்கில் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஊரே செய்கிற காரியத்தை நாங்களும் செய்தோம், அவன் அதை அறிந்திருந்தான். அவனுடைய வண்டி மரமில் சாலையில் வெண்புழுதி கிளப்பிக்கொண்டு போவதை நின்று பார்த்தோம்.

"நானே காட்டிக் கொடுத்துட்டேனே!" ஆஸ்ட்பி தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கரடி இவன்தானா? அய்யோ, நானே வழி சொல்லி அனுப்பிட்டேனே!"

"நீங்க இல்ல. அவன இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தது நாங்க" என்றார் பாஸ். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "எழுந்திருங்க. ஷெரிஃபுக்குப் போன் போடுங்க. மேல போக வேற வழி இருக்கா?"

ஷெரிஃப் கணவாய்க்கு அந்தப் பக்கம், கவிழ்ந்த லாரி ஒன்றோடு மாட்டிக்கொண்டிருந்தார். வர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கே தெரியவில்லை. கேபினில் போன் கிடையாது. சாலை மலையைச் சுற்றிப் போகிறது, தெருவில் நின்ற வேறு வண்டியை எடுத்தாலும் அவனை முந்த முடியாது. நேராக ஏற ஒரே வழிதான், கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற, பனி மேல் சறுக்கி ஓடும் ஆஸ்ட்பியின் பனிவண்டி.

பாஸ் அதில் ஏறி உட்கார்ந்தார். ஆஸ்ட்பி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம். துப்பாக்கியோட போய் வாசல்ல நின்னா அவ முதல்ல என்னத்தான் சுடுவா. அவ சுட்டாலும் தப்பில்ல."

"பாஸ், அப்ப என்கிட்ட ஒண்ணு..."

"நீ என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து குலுங்கிக்கிட்டு வரப் போற. உன் கையில துப்பாக்கியா? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வாழணும் வெண்டல்."

அந்த மலையை எப்படி ஏறினோம் என்று கேட்காதீர்கள். பாஸின் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். கண்ணை மூடினால் ஒரு கால் செருப்போடு அந்தக் குழந்தை தெரிந்தது. அவனுக்கு ஐஸ் வைத்த கை இது என்று நினைக்க நினைக்கக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கேபின் தெரிந்தது. உருட்டு மரம் அடுக்கிக் கட்டிய பழைய வீடு. வாசல் அவ்வளவு தாழ்வு, பாஸே தலை தாழ்த்தித்தான் நுழைய முடியும். முற்றத்தில் வேறு வண்டி இல்லை. நாங்கள்தான் முந்தினோம். பாஸ் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு படியேறினார்.

கதவு திறந்தது.

உள்ளே நாலடி தள்ளி ஜெனெல் நின்றாள். இடது இடுப்பில் போசி, வலது கையில் ஃபார்ட்டி ஃபோர். குழலின் வட்டம் பாஸின் தலைக்கு மேல், ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழகிய உயரம். பிறகுதான் வந்திருப்பது அவனில்லை என்று கண்டு பாஸின் முகத்துக்கு இறங்கியது.

"யாரு?"

"லோர்னா டீக். துப்பறிகிறவள். உன்னத் தேடச் சொல்லி ராய்ஸ் என்னத்தான் வெச்சான். நான் உன்னத் தேடி வந்தேன், அவன் என் பின்னாலயே வந்துட்டான். இப்ப மேல ஏறி வந்துக்கிட்டிருக்கான்."

பொய் சொல்லித் தப்பிக்க வேண்டிய இடத்தில் பாஸ் உண்மையைச் சொன்னார். ஜெனெல் போசியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

"கர்ட்டிஸோட ஓடிட்டேன்னு சொன்னானா?"

"ஆமா."

"அந்தப் பையன் ஒரு நாள் மழையில இறங்கி எனக்காகப் பண்ணைக் கதவத் திறந்து விட்டான். எல்லாரும் செய்யறதுதானே. அவ்வளவுதான்." ஜெனெல் பல்லைக் கடித்தாள். "ராய்ஸ் அடிச்ச அடி தாங்காம அந்தப் பையன் அலாஸ்காவுக்கே ஓடிட்டான். அடுத்தது நான்."

"பனிவண்டியில ஏறிடு. நீயும் போசியும். நான் ஓட்டுறேன்" என்றார் பாஸ்.

எங்களை நம்புவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை. முற்றத்தில் வண்டி வந்து நின்றது. ராய்ஸ் பிஸ்டலோடு இறங்கினான்.

"மேடம், உங்க குட்டி ஆளையும் கூட்டிக்கிட்டு விறகு அடுக்கின பக்கமாப் போய் நில்லுங்க."

போய் நின்றோம். வேறென்ன செய்ய? பாஸின் விரல்கள் என் சட்டைக் கையை முறுக்கிக்கொண்டிருந்தன.

ராய்ஸ் படியேறினான். பிஸ்டலைத் தொடையோடு ஒட்டித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குரலில் தேனைத் தடவினான்.

"ஜெனெல், கண்ணு, அதக் கீழ போடு. உனக்கு அதெல்லாம் வராது. என்னிக்காவது நீ ஒரு காரியத்த ஒழுங்காப் பண்ணியிருக்கியா? குழந்தைய என்கிட்டக் கொடு."

"வராத ராய்ஸ். வராத."

குழல் உயர்ந்தது. மேலே, இன்னும் மேலே, ஏணி வைத்துப் பழகிய அந்த உயரத்துக்கு. போசி அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டகையில் அவள் நிமிர்ந்து நிற்கிற ராய்ஸை நினைத்துப் பழகியிருந்தாள். இந்த வாசல் அவனை நிற்க விடாது. இரண்டு தடவை இடித்துக்கொண்டவன் இந்தத் தடவை நிலையைக் கவனித்துவிட்டான். முதுகை வளைத்தான், தலையைத் தாழ்த்தினான், அவளுடைய குறிக்குக் கீழே நுழைந்தான். ஜெனெலின் கை மேலேயே நின்றது. பழகாத உயரத்துக்கு அது இறங்க மறுத்தது. அவன் இடது கை போசியின் காலை நோக்கி நீண்டது.

என்னிடம் ஆயுதம் இல்லை. பலம் இல்லை. உயரம் இல்லை. வாய் மட்டும்தான் இருந்தது.

"கர்ட்டிஸ்!" என்று காடே அதிரக் கத்தினேன். "பின்னாலேர்ந்து சுடு கர்ட்டிஸ்!"

அலாஸ்காவில் இருக்கிறவனைக் கூப்பிட்டேன். ஆனால் ராய்ஸின் தலைக்குள் கர்ட்டிஸ் எந்நேரமும் இங்கேதான் குடியிருந்தான். பொறாமையில் வெந்தவன் அந்தப் பெயரைக் கேட்டதும் பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று நிமிர்ந்தான்.

டொம்!

இது அலுவலகக் கதவின் பலகை இல்லை. மலைத் தேவதாரு, முழு உருட்டு மரம். அவன் முழங்கால் மடங்கி, முகம் குப்புற வாசலுக்கு உள்ளே விழுந்தான். பிஸ்டல் வழுக்கிக்கொண்டு போனது. பாஸ் பாய்ந்து அதன் மேல் பூட்ஸ் காலை வைத்தார். நான் பனிவண்டியின் இழுவைக் கயிற்றை எடுத்து வந்து, அவன் கையும் காலும் வெளியே தெரியாதபடி சுற்றிக் கட்டினேன். அவசரத்தில் ஒரு முடிச்சை என் விரலோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

ஜெனெல் அசையவில்லை. குழல் இன்னும் அந்த வெறும் உயரத்தைப் பார்த்தபடி இருந்தது.

"எறக்கும்மா" என்றார் பாஸ்.

"முடியல. கை வரல."

பாஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தாழ்த்தினார். ரிவால்வரை வாங்கி, வாங்கிய கையோடு உருளையைத் திறந்து கவிழ்த்தார். அப்படிச் செய்யாமல் இருக்க அவருக்குத் தெரியாது. குட்டைத் தோட்டாக்கள் தரையில் விழுந்து உருண்டன. அந்தச் சத்தத்தில் போசியின் அழுகை நின்றது. இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு கால் செருப்பு இப்போதும் இல்லை.

ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜோக்கடிப்பவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

"பயப்படாதம்மா. பாரு, உன் கரடி இப்ப தூங்குது."

ஜெனெல் கீழே கிடந்தவனைப் பார்த்தாள். அவன் முதுகு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்திரிக்கும். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சிருக்கு. அது எந்திரிக்கறப்ப நான் தயாரா இருக்கணும்" என்றாள்.

மகளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள். போசியின் உள்ளங்கையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். பிறகு பாஸின் கையிலிருந்த ரிவால்வருக்காகக் கையை நீட்டினாள்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். ஷெரிஃபின் வண்டிச் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை.

பாஸ் கொடுத்தார்.

உருளை காலி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெனெல் அதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.